தொடங்கியதும் ஆயத்தமானதும்

லினக்ஸ் கணினியில் நாம் உள்நுழையும் கணத்தில், திரை முழுதாக விரியும் முன்பே பல பின்னணிச் சேவைகள் எழுந்துவிடுகின்றன. 2010-இல் அறிமுகமாகி, 2015-இல் டெபியனின் எட்டாம் பதிப்பில் இயல்பிருப்பாக இடம்பெற்ற சிஸ்டம்டி என்னும் மென்பொருள், கணினி முழுமைக்கும் ஒரு மேலாளரை வைத்திருப்பதோடு, உள்நுழையும் ஒவ்வொரு பயனருக்கும் தனியே ஒரு சிறு மேலாளரையும் அமர்த்துகிறது. நம்முடைய சேவைகளை எழுப்புவது இந்தச் சிறு மேலாளர்தான்.

எங்கள் நண்பர் ஒருவர், காலமான தம் தந்தையாரின் கடிதங்களை ஒளிவருடித் தொலைவிலுள்ள சேமிப்பகம் ஒன்றில் வைத்திருந்தார். அவர் கணினியில் இரு பயனர் சேவைகள். முதலாவது, ஆர்க்ளோன் மென்பொருளின் துணையால் அச்சேமிப்பகத்தை ஒரு கோப்புறையாக மவுண்ட் செய்யும். இரண்டாவது, அக்கோப்புறையை வீட்டு வட்டில் பிரதியெடுக்கும். மூலத்தில் இல்லாதவற்றைப் பிரதியிலிருந்தும் நீக்கிவிடும். ஒரு நாள் அந்தப் பிரதி முற்றிலும் வெறுமையாகக் கிடந்தது. மூலமும் போயிற்றோ என்ற அச்சத்தோடுதான் நண்பர் எங்களை அழைத்தார். நல்லவேளையாக, மூலம் பத்திரமாக இருந்தது.

கையால் தொடங்கினால் இரு சேவைகளும் ஒழுங்காக இயங்கின; உள்நுழையும்போது மட்டுமே பிசகின. இத்தகைய சிக்கலில் முதல் தடயம் இதுவே. கையால் தொடங்கும் நேரத்திற்குள் இணையம் உட்பட எல்லாம் ஆயத்தமாகிவிட்டிருக்கும். ஜர்னல்சிடிஎல் காட்டிய பயனர் பதிவுகளைப் பார்த்தோம். இரு சேவைகளும் ஒரே நொடியில் தொடங்கியிருந்தன. கோப்புறையில் தொலைவிலுள்ள கடிதங்கள் வந்து சேர்வதற்குள் இரண்டாவது சேவை வெற்றுக் கோப்புறையைக் கண்டு, அந்த வெறுமையையே விசுவாசமாகப் பிரதியெடுத்திருந்தது.

இரண்டாவது சேவையின் கோப்பில் ‘ஆஃப்டர்’ என்ற வரி இருக்கத்தான் செய்தது. அது வரிசையை மட்டுமே சொல்லும். முதலாவது தோற்றாலும் இரண்டாவது தொடங்கிவிடும். ‘ரிக்வயர்ஸ்’ சார்பைச் சொல்லும். ஆனால் அது தனியே நின்றால் இரண்டும் ஒருசேரத் தொடங்கும். ஆகவே இரண்டு வரிகளும் வேண்டும். இணையம் வந்தபின் தொடங்குக என்று கணினி மேலாளரின் இலக்கொன்றையும் அக்கோப்பில் சுட்டியிருந்தார்கள். பயனர் மேலாளருக்கு அந்த இலக்கே தெரியாது. பிழை என்றுகூடச் சொல்லாமல் அவ்வரியைக் கடந்துவிடும்.

இவற்றைத் திருத்திய பின்னும் சிக்கல் தீரவில்லை. ‘சிம்பிள்’ வகைச் சேவையின் நிரலை இயக்கிவிட்ட மாத்திரத்தில், அது தொடங்கிவிட்டதாக மேலாளர் கணக்கெழுதிக்கொள்கிறது. வேலைக்கு ஆயத்தமா என்று கேட்பதில்லை. வகையை ‘நோட்டிஃபை’ என்று மாற்றினோம். ஆர்க்ளோன் மவுண்ட் முடிந்த பிறகே ‘ஆயத்தம்’ என்று சொல்லி அனுப்பும். அதுவரை அடுத்த சேவை காத்திருக்கும்.

காவலாக, கோப்புறை உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு கட்டளையைப் பிரதியெடுக்கும் சேவைக்கு முன்னால் நிறுத்தினோம். சோதனை தோற்றால் சேவையும் தோற்கும், கடிதங்கள் பிழைக்கும். தோற்ற சேவை மீண்டும் முயலும் வகை செய்தபோது, இடைவெளியை ஐந்து நொடியாக்கினோம். இயல்பான இடைவெளி 100 மில்லிநொடிதான். 10 நொடிக்குள் ஐந்து முறை முயன்றதும் மேலாளர் கைவிட்டுவிடும்.

சார்ந்து நிற்கும் சேவை ஒன்று பிசகினால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எதற்குப் பிறகு தொடங்க வேண்டும்? எது இல்லாமல் தொடங்கவே கூடாது? முன்னது ஆயத்தமானதை யார் அறிவிப்பார்? கோப்பை எழுதுபவர் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நிறைவடைந்துவிடுகிறார். கடிதங்கள் அழிந்ததோ மூன்றாவது கேள்விக்கு விடையில்லாததால்.

பிரதி மீண்டும் நிறைய இரண்டு இரவுகள் ஆயின. அதன் பிறகு பலமுறை கணினியை அணைத்து, உள்நுழைந்து பார்த்தோம். கடிதங்கள் தம் இடத்திலேயே இருந்தன.