நகராத சுவரும் நகரும் சுவரும்

எங்க லயத்துக் காம்பராவுல பிள்ளைகள் கூடினாலும் சுவரைத் தள்ளிவைக்க முடியாது. டிஸ்கில் பார்டிஷன் பிரிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். 1998இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் லினக்ஸுக்காக எழுதத் தொடங்கிய எல்விஎம் இந்தச் சுவரைத்தான் கழற்றியது.

நோட்டன் பிரிட்ஜ் வீட்டில் என்னிடம் இரண்டு வெறும் பழைய டிஸ்குகள் இருந்தன. 'பிவிகிரியேட்' அவற்றைத் தயார்படுத்தும். 'விஜிகிரியேட்' இரண்டையும் ஒரே குளமாக்கும். 'எல்விகிரியேட்' அதிலிருந்து கேட்ட அளவைப் பிரித்துத் தரும். பிறகு ஃபைல் சிஸ்டம் போட வேண்டும். நாளைக்கு இடம் போதாட்டி, குளத்தில் மிச்சம் இருந்தால் 'எல்விஎக்ஸ்டெண்ட்' போட்டு வளர்க்கலாம்.

முதல் கட்டளையை அடிக்கிறதுக்குள்ள கரண்ட் போச்சு. 1965இலிருந்து விமலசுரேந்திர மின்நிலையம் இருக்கிற ஊர் இது, சிரிப்புத்தான் வந்துச்சு. திரும்ப மெஷினைப் போட்டு, குறிச்சு வச்ச அதே பெயருக்குக் கட்டளை கொடுத்தேன். இதில் ஈஎக்ஸ்டி4 இருக்கு, அழிக்கவான்னு கேட்டுச்சு. விரல் 'ஒய்' மேல. வெறும் டிஸ்க் அப்படிக் கேட்காதே!

'என்' அழுத்திட்டு 'எல்எஸ்பிஎல்கே' போட்டுப் பார்த்தேன். ரீஸ்டார்ட்டில் பெயர்கள் மாறியிருந்தன. நான் அழிக்கப் போனது மூன்றாவது டிஸ்க்: அம்மாயி பாடின தாலாட்டுகளைப் பதிஞ்சு வச்சது. அம்மாயி இப்ப இல்ல.

சேர்த்துவைப்பது வேறு, காப்பி எடுத்துவைப்பது வேறு. குளத்தில் ஒரு டிஸ்க் செத்தாலும் அதில் இருந்தது போனதுதான். அந்தத் தாலாட்டுகள் இப்ப மூணு இடத்துல இருக்கு.