அம்மாவுக்கு ஒரு புராக்ஸி!

எந்த தீம் பார்க்குக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. ரோலர் கோஸ்டர் இருக்கோ இல்லையோ, மரத்தடியில ஒரு பெஞ்ச் கட்டாயம் இருக்கும். அந்த பெஞ்ச்ல ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுத்தி நாலஞ்சு பை, ஏழெட்டு ஜோடி செருப்பு, ஈரத் துண்டு, தண்ணி பாட்டில், யாரோ கழட்டிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி... அவர்தான் 'பை டியூட்டி' ஆபீஸர்! சம்பளம் கிடையாது. ஷிஃப்ட் மாத்தி விட ஆள் கிடையாது. ஆனா, உள்ளே வர்றதுக்கு மத்தவங்களை மாதிரியே முழு டிக்கெட்!

உங்க வீட்ல அந்த ஆபீஸர் யாருங்க? பாட்டியா, பெரியப்பாவா? எங்க வீட்ல அம்மா. கோயில் குளமோ, கொடைக்கானல் ஏரியோ, எங்கே போனாலும் பை அம்மாகிட்டதான். இது கொச்சி டூர் பத்தின கட்டுரை. ஆனா, ரைடு பத்தி கம்மியாவும் பெஞ்ச் பத்தி அதிகமாவும் இருக்கும். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் கோவிச்சுக்காதீங்க!

கோவைக்காரங்களுக்கு சென்னையைவிட கொச்சி கிட்ட. மேட்டுப்பாளையம் பிளாக் தண்டரை ஸ்கூல் டூர்லயே முடிச்சாச்சு. அதனால, மே லீவுல எங்க குடும்பமும் சித்தப்பா குடும்பமுமா ஏழு பேர் எர்ணாகுளம் ரயில்ல ஏறினோம். வாளையார் பக்கம் வந்தா ஜன்னல் ஓரமா உட்காருங்க. ரெண்டு பக்கமும் மலை தள்ளி நின்னு வழி விடும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையோட மிகப்பெரிய இடைவெளி. நம்ம ஊருக்குக் குளுகுளு காத்து வர்ற கதவே அதுதான். சுமார் நாலு மணி நேரத்துல எர்ணாகுளம்.

நாங்க போனது வொண்டர்லா. நகரத்துக்கு வெளியே, பள்ளிக்கரைங்கிற ஊர்ல, மலைச்சரிவுல இருக்கு. 2000-ல 'வீகாலேண்ட்'ங்கிற பேர்ல தொடங்கினது. பிறகு பேர் மாறிடுச்சு. பஸ்லயே போயிடலாம்தான். ஆனா, நாங்க போன ரூட் செம ரூட்! எர்ணாகுளம் சவுத்ல மெட்ரோ ரயில் ஏறி, வைற்றிலாவுல இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு, மெட்ரோ, படகுத்துறை மூணும் அங்கே ஒரே இடம். அங்கேயிருந்து காக்கநாடுக்கு 'வாட்டர் மெட்ரோ'. 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச பேட்டரி படகு சர்வீஸ். கொச்சி கப்பல் கட்டும் தளத்துல கட்டின படகுங்க. டீசல் புகை இல்லை, தடதட சத்தம் இல்லை. வெளியே தென்னை, கொக்கு, மீன் வலை. உள்ளே ஏ.சி.!

இன்ஜினீயரிங் படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? எனக்குப் பிடிச்சது அந்தப் படகுத்துறைதான். அது தரையில ஊன்றினது இல்லை, மிதக்குது. தண்ணி ஏறினா துறையும் ஏறும், இறங்கினா துறையும் இறங்கும். படகோட தளமும் துறையும் எப்பவும் ஒரே மட்டம். வீல்சேரை அப்படியே உள்ளே உருட்டிட்டுப் போயிடலாம். 'ஏற முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?'னு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க பாருங்க!

காக்கநாட்டுல இறங்கி ஆட்டோ பிடிச்சு பார்க்குக்குள்ள நுழைஞ்சதும், சித்தி லாக்கர் பக்கம் கை காட்டினாங்க. அம்மா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. "லாக்கருக்கு எதுக்குக் காசு? நான் எதுக்கு இருக்கேன்?"

அவ்ளோதான். அஞ்சு பையோட அம்மா பெஞ்ச்ல செட்டில். நாங்க சிட்டாப் பறந்துட்டோம்.

அதே பெஞ்ச்ல இன்னொரு ஆபீஸரும் இருந்தாங்க. செட்டுமுண்டு கட்டின அம்மச்சி. வயசு 71. ரெண்டு முட்டியிலயும் ஆபரேஷன் ஆனதால கையில ஒரு ஊன்றுகோல். பேரன் பேத்திங்க எல்லாம் ரைடுல. அம்மா பொள்ளாச்சிக்காரங்க, மலையாளம் கேட்டாப் புரியும். பேசறதுதான் பாதி மலையாளம், பாதி கை ஜாடை. ரெண்டு மணி நேரத்துல தேங்காய் விலையில ஆரம்பிச்சு மருமகள் வரைக்கும் பேசி முடிச்சுட்டாங்க.

நான் தண்ணி குடிக்க பெஞ்சுக்கு வந்தப்போதான் அம்மச்சி அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. "நீ ஒந்நிலும் கேறியில்லே?" எதுலயுமே ஏறலையானு அர்த்தம்.

"பையைப் பார்த்துக்கணுமே"னு அம்மா சிரிச்சாங்க.

"அதினு ஞான் இல்லே இவிடெ? போயி வா மோளே!"

அம்மா பதறிட்டாங்க. பெஞ்ச்ல உட்கார்ந்தபடியே வரிசையா காரணம் வந்துச்சு. ஒண்ணு, பைகள்ல ஏழு பேர் போன், அப்பா பர்ஸ், ரிட்டர்ன் டிக்கெட். ரெண்டு, தண்ணி ரைடுக்கு நைலான் டிரெஸ் போட்டாதான் விடுவாங்க. (பருத்தி நூல் ஃபில்டரை அடைச்சுக்கும், தொளதொள துணி கால்ல சுத்திக்கும். விதி நியாயமானதுதான்.) மூணு, "இந்த வயசுல எனக்கு என்னங்க விளையாட்டு?"

மூணாவது காரணத்துக்கு முதல் பதில் வந்துச்சு. முட்டி மட்டும் சரியா இருந்தா, தான் இந்நேரம் தண்ணிக்குள்ள இருந்திருப்பேன்னு சொன்னாங்க அம்மச்சி. ரெண்டாவது காரணத்தை சித்தி பார்த்துக்கிட்டாங்க. ஓடிப்போய், கை முழுசா, கால் முழுசா மூடற டிரெஸ் ஒண்ணை பார்க் கடையிலயே வாங்கிட்டு வந்துட்டாங்க. மிச்சம் முதல் காரணம். பை!

அதுக்கு அம்மச்சி பேசவே இல்லை. எங்க அஞ்சு பையோட வாரையும் ஒண்ணொண்ணா எடுத்து ஊன்றுகோல்ல கோர்த்தாங்க. கூடவே தன்னோட பையையும் கோர்த்தாங்க. கோலைக் குறுக்கே மடியில வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க. யாராவது பையைத் தூக்கணும்னா அம்மச்சியையும் சேர்த்துத்தான் தூக்கணும்! "பேடிக்கண்டா"ன்னாங்க. பயப்படாதேனு அர்த்தம்.

அம்மா அந்தக் கோலைப் பார்த்தாங்க. அம்மச்சி முகத்தைப் பார்த்தாங்க. எழுந்துட்டாங்க.

காலேஜ்ல நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வார்த்தை இருக்குல்ல... புராக்ஸி! வராதவனுக்காக இன்னொருத்தன் 'பிரசன்ட் சார்' சொல்றது. எத்தனையோ வருஷமா அம்மா மட்டுமே அட்டென்டன்ஸ் கொடுத்துட்டிருந்த பெஞ்ச்ல, பேர்கூடத் தெரியாத ஒருத்தங்க புராக்ஸி கொடுத்தாங்க!

அடுத்து வேவ் பூல். பெரும்பாலான வேவ் பூல் எப்படி வேலை செய்யுதுனு தெரியுமா? ஆழமான பக்கம் ஒரு சுவர் இருக்கும். அதுக்குப் பின்னால காத்து அறைங்க. பெரிய ஃபேன் உள்ளே காத்தை அழுத்தும், அறையில இருக்கிற தண்ணி கீழே இறங்கி வெளியே தள்ளப்படும். காத்தை விட்டதும் தண்ணி திரும்ப உள்ளே ஏறும். இதையே தாளம் தப்பாம மாத்தி மாத்திச் செஞ்சா அலை ரெடி. தரை கடற்கரை மாதிரி சரிவா இருக்கறதால, கரைக்கு வர வர அலை உடைஞ்சு நுரைக்கும். இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "எப்ப வரும்?"

அலை வருதுனு சத்தம் கொடுத்தாங்க. கூட்டம் மொத்தமும் 'ஹோ'னு கத்துச்சு. முதல் அலை முட்டியில, ரெண்டாவது இடுப்புல. மூணாவது அலையில அம்மா கத்தினாங்க பாருங்க... எங்களைத் திட்டறதுக்காக இல்லாம அம்மா கத்தி அன்னிக்குத்தான் நானும் தங்கச்சியும் கேட்டோம்! அம்மாவுக்குக் கடல் தெரியாதுன்னு இல்லை. திருச்செந்தூர்ல முங்கியிருக்காங்க, ராமேஸ்வரத்துல முங்கியிருக்காங்க. அதெல்லாம் சாமிக்காக, வேண்டுதலுக்காக. சும்மா, ஜாலிக்காகத் தண்ணியில இறங்கினது இதுதான் முதல் தடவை.

அலை நின்னதும் அம்மா கரையேறப் பார்த்தாங்க. அப்பாதான் தடுத்தார். "இரு இரு, இன்னொரு தடவை விடுவாங்க!" போட்டோ எங்கேனு கேட்கறீங்களா? போன் எல்லாம் ஊன்றுகோல்ல தொங்கிட்டிருக்கே!

கால் மணி நேரம்னு போனது ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஈரத் தலையோட அம்மா வேகவேகமா பெஞ்சுக்கு வந்தா, அம்மச்சியைச் சுத்தி அவங்க பேரப்பிள்ளைங்க நாலு பேர். சாப்பிடக் கூப்பிட வந்து ரொம்ப நேரமாச்சாம். பையைப் பக்கத்துல இருந்த செக்யூரிட்டிகிட்ட கொடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. அம்மச்சி அசையலை. "ஒரு பொண்ணு என்னை நம்பி வெச்சுட்டுப் போயிருக்கா"னு சொல்லி உட்கார்ந்துட்டாங்களாம். பேத்தி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். ஆனா, மணி அப்ப ரெண்டரை. முட்டி ஆபரேஷன் ஆன 71 வயசு மனுஷி, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, முன்பின் தெரியாத ஏழு பேரோட பைக்குக் காவல்!

அம்மாவுக்குப் பேச்சே வரலை. அம்மச்சி முந்திக்கிட்டாங்க. "இத்ர வேகம் வந்நோ?" இவ்ளோ சீக்கிரமா வந்துட்டியானு ஒரு கேள்வி!

மலையாளத்துல நன்றிக்கு 'நன்னி'. அம்மா அதைச் சொல்லாம அவங்க கையை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. பேர் கேட்கலை, நம்பர் வாங்கலை. கோல்ல இருந்து பைங்க கழண்டுச்சு, பேத்தி தோளைப் பிடிச்சுக்கிட்டு அம்மச்சி சாப்பிடப் போயிட்டாங்க.

இந்தப் பார்க்கோட கதையில முன்பின் தெரியாதவங்க உதவி இன்னொண்ணும் இருக்கு. இதைத் தொடங்கினவர் வி-கார்டு நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. 2011-ல, 60 வயசுல, முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவருக்குத் தன் சிறுநீரகம் ஒண்ணைக் கொடுத்தார். அதோட நிக்கலை. அந்த டிரைவரோட மனைவி தன்னோட சிறுநீரகத்தை வேற ஒரு நோயாளிக்குக் கொடுத்தாங்க. சிறுநீரகம் எங்கே, பை டியூட்டி எங்கேனு அடிக்க வராதீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லைதான். ஆனா, வாங்கின உதவியைக் கொடுத்தவங்களுக்கேதான் திருப்பித் தரணும்னு இல்லை, அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடலாம்ங்கற கணக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான்.

அன்னிக்கு ராத்திரியே அந்தக் கணக்கைப் பார்த்தேன். எர்ணாகுளம் பிளாட்ஃபாரத்துல கைக்குழந்தையோட ஒரு அக்கா. இன்னொரு கையில மூணு வயசுப் பையன். அவன் பாத்ரூம் போகணும்னு குதிக்கிறான். அந்தக் அக்கா சூட்கேஸைப் பார்க்கறாங்க, பையனைப் பார்க்கறாங்க. அம்மா எழுந்து போனாங்க. "நீ போயிட்டு வா கண்ணு, நான் இங்கேயே நிக்கறேன்." அந்தக் அக்கா கொஞ்சம் தயங்கினாங்க. அம்மா என்ன பண்ணினாங்க தெரியுமா? எங்க பையைக் கொண்டுவந்து அந்த சூட்கேஸ் மேல வெச்சு, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க!

இதைப் படிச்சுட்டு, யார் கையில வேணும்னாலும் பையைக் கொடுத்துட்டுப் போயிடாதீங்க பாஸ். ஏமாந்துட்டு என்னைத் தேடுவீங்க. காசு, போன் எல்லாத்தையும் லாக்கர்ல வைங்க. நைலான் டிரெஸ் வீட்ல இருந்தே எடுத்துட்டுப் போங்க, பெரியவங்களுக்கும் சேர்த்து. ஏழு பேர் போனா பை டியூட்டியை ஏழா பிரிங்க, ஆளுக்கு அரை மணி நேரம்.

அப்புறம், பக்கத்து பெஞ்ச்லயும் கொஞ்சம் பாருங்க. செருப்புக் குவியலுக்கு நடுவுல ஒரு அம்மா உட்கார்ந்து, தூரத்துல சுத்தற ராட்டினத்தையே பார்த்துட்டிருக்கலாம். கேட்டா, "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுப்பா"னுதான் சொல்வாங்க. முதல் பதில்ல விட்டுடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க!