பச்சைமலை - பக்கத்தில் இருந்தும் தெரியாத மலை

எங்க ஜெயங்கொண்டத்தில் மலை என்றால் எல்லோருக்கும் ஊட்டி, கொடைக்கானல்தான் நினைவுக்கு வரும். பெரம்பலூரைத் தாண்டினால் பச்சைமலை இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை!

பெரம்பலூர், திருச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள். உடனே கேரளாவோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. 1909-ல் வெளிவந்த தர்ஸ்டனின் நூலிலும் இது பதிவாகியிருக்கிறது.

சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலையில் இப்போது மரவள்ளியும் நிறைய. கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. காசு வருகிறது, நல்லதுதான். ஆனால் காமர்ஸ் மாணவனாக ஒன்று உறுத்துகிறது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். அதனால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. சாமையோ வருஷக்கணக்கில் கெடாது. விலை பிடிக்காவிட்டால் விற்காமல் வீட்டிலேயே வைத்துச் சமைக்கலாம். பயிர் மாறியதில் பேரம் பேசும் பலமும் கைமாறிவிட்டதே...

நண்பர்களே, அடுத்த லீவுக்கு ஊட்டி பிளான் போடும் முன் பச்சைமலையையும் யோசியுங்கள். போனால் ஒரு படி சாமை வாங்கி வாருங்கள்.