நிறமும் நீரும்

அழகிய உயிரொன்றைக் கண்டவுடன் அதனைத் தனதாக்கிக்கொள்ள விழைதல் மனித இயல்பு. கிளியைக் கூட்டில் அடைத்ததும் மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டதும் இவ்விழைவின் விளைவுகளே. எனினும் கண்டு மகிழ்தல் வேறு, கைக்கொள்ளுதல் வேறு. சித்திரவேலாயுதர் கோயில் கொண்ட திருக்கோவிலில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற மாணவன் ஒருவனுக்கு இவ்வேறுபாட்டை உணர்த்தியது அக்சலோட்டல் என்னும் சிற்றுயிர்.

விடுமுறைக்கு ஊர் திரும்புகையில் கொழும்பில் அதனை வாங்கிய அவன், இரவுப் பேருந்தில் மடிமீது வைத்தே கொண்டுவந்தான். பால்போன்ற வெள்ளுடல், கரிய கண்கள், தலையின் இருமருங்கும் மும்மூன்றாக இறகுபோல் விரிந்த செந்நிறப் பூக்கள். அவையே அதன் சுவாச உறுப்புகள்.

“இது என்ன மகன், மீனா, பல்லியா?” என்றார் அம்மம்மா.

“ரெண்டும் இல்ல அம்மம்மா, தவளைக்குச் சொந்தம்” என்றான் அவன்.

அவன் கூறியது பொய்யன்று. தவளையைப் போன்று இதுவும் ஈரூடக வாழியே. ஆயினும் தவளை தன் வாற்பேய்ப் பருவத்தைக் கடந்து கரையேறுகின்றது. அக்சலோட்டலோ இளமைக் கோலம் மாறாமலே நீரில் வாழ்ந்து இனம் பெருக்குகின்றது. இதன் தாயகம் மெக்சிக்கோ நகரையடுத்த சொச்சிமில்கோ ஏரி. அங்கு அதன் இயல்பான நிறம் சேற்றோடு ஒன்றிய கருமையே. 1864ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்ட முப்பத்துநான்கினுள் ஒன்று வெள்ளையாக இருந்தது. மேனாட்டு ஆய்வுகூடங்களில் வெள்ளை இனம் பரவியமைக்கு அதுவே தோற்றுவாய்.

வெண்மைக்கும் பொன்மைக்கும் காரணம் ஒன்றன்று. கருவின் முதுகுப்புறத்தே தோன்றும் நிறக்கலங்கள் தோலெங்கும் பரவாது நின்றுவிடின் உடல் வெளுக்கும். கண் மட்டும் கருமை குன்றாது. நிறக்கலங்கள் கருநிறப் பொருளையே ஆக்கமாட்டாவிடின் உடல் பொன்னிறம் பெறும், கண்ணும் சிவக்கும். பரம்பரை அலகொன்றின் சிறு மாற்றம் இத்துணை வேறுபாட்டை விளைவிப்பதை எண்ணி எண்ணி வியந்தான் அவன்.

வியப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. இருபது பாகைக்குக் குறைந்த குளிர்நீரை நாடும் அவ்வுயிருக்குக் கிழக்குக் கரையின் வெப்பம் பகையாயிற்று. பனிக்கட்டி நிறைத்த போத்தல்களை அல்லும் பகலும் தொட்டியில் மாற்றி மாற்றி மிதக்கவிட்டான். ஐந்தாம் நாள் அது உணவை மறுத்தது. பூக்களின் நுனிகள் முன்னோக்கிச் சுருண்டன.

அன்று பகல் அம்மம்மா சோற்றுடன் பரிமாறியது சாகாமக் குளத்து யப்பான் மீன் கறி. திலாப்பியா எனும் இம்மீனினம் 1952இல் இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. மெக்சிக்கோவிலும் உணவு கருதியே கெண்டையினத்தோடு இதனையும் நீர்நிலைகளில் விட்டனர். அவை அக்சலோட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. நகரக் கழிவுகளும் நீரைக் கெடுத்தன. 1998இல் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 எனக் கணிக்கப்பட்டவை 2014இல் ஏறத்தாழ 36 ஆகச் சுருங்கின. முன்பு பாடத்திற்காகப் படித்த இவ்வெண்கள் உண்ணும்போது அவனுக்கு நினைவில் எழுந்தன. வெள்ளை இனம் உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் பெருக, ஏரியிலே கரிய இனம் அருகி வருகின்றது. நிறத்தைப் போற்றியோர் நீரைப் போற்றவில்லை. தானும் அவர்களுள் ஒருவனே என்பதை அவன் உணர்ந்தான்.

மறுநாளே அவன் நுவரெலியாவிலுள்ள நண்பனிடம் புறப்பட்டான். பனிக்கட்டிகளுக்கிடையே வைத்த அவ்வுயிர் மலையேறும்வரை தாங்குமோ என்ற அச்சத்தில் வழியெல்லாம் உறங்கவில்லை. உயிரோடு ஒப்படைத்துவிட்டு வெறுங்கையனாய் ஊர் திரும்பினான்.

இரு வாரங்களின்பின் நண்பனிடமிருந்து செய்தி வந்தது: “பூக்கள் நிமிர்ந்துவிட்டன. இன்று மண்புழு தின்றது.”

திண்ணையில் வெறுந்தொட்டி கிடந்தது. அவ்வெண்ணிறத்தை நாள்தோறும் கண்ட மகிழ்ச்சியிலும், காணாத தொலைவில் அது உண்டது என்னும் செய்தி அவனுக்குப் பெரிதாயிருந்தது.