காற்றுக்கு ஒரு நாள்

அப்பாவையும் அம்மாவையும் கோஸோ தீவுக்குக் கூட்டிப்போக நான் போட்ட எக்செல் ஷீட்டில் நாற்பத்தேழு வரிகள் இருந்தன. எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, அது தவறினால் அடுத்தது எது, எந்த இடத்தில் எத்தனை படிகள், கழிப்பறை எங்கே, அப்பாவின் மாத்திரை வேளைகள் என்ன. எல்லாவற்றுக்கும் ஒரு நிறம். பிழைப்பே இதுதான் என்பதால் கை தானாகச் செய்துவிடும். எங்கே உடையும் என்று முன்கூட்டியே யோசித்து அங்கே ஒரு முட்டுக் கொடுத்து வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மியூனிக்கில் என் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் சோபாவில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா, மனுசன் காய்ஞ்சு போறாரு" என்று அம்மா சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னாள். எங்கே என்று அவரிடம் கேட்டேன். "உன் இஷ்டம் தம்பி" என்றார். எங்களுக்குள் பேச்சு எப்போதுமே அவ்வளவுதான். எனக்கு மூன்று வயதாகும்போது தண்ணீர் லாரி ஓட்ட மஸ்கட் போனவர், நான் இன்ஜினியரிங் முடிக்கும்போதுதான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். பதினெட்டு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. எங்கள் வீட்டில் லீவு என்றாலே அப்பா ஊருக்கு வருவது என்றுதான் அர்த்தம். ஊரை விட்டு வெளியே போவதற்கும் அந்தச் சொல்தான் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கோஸோவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இருந்தன. சிசிலிக்குத் தெற்கே இருக்கும் மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு அது. நீளம் 14 கிலோமீட்டர், அகலம் 7. மால்டா 2007 டிசம்பரிலேயே ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால், ஜெர்மனிக்கு என்று எடுத்த அப்பா அம்மாவின் விசாவே போதும். அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் ஏற்கெனவே இருக்கிற நோய்களைப் பல பாலிசிகள் சேர்த்துக்கொள்வதில்லை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்தப் பொடி எழுத்தை வாசிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

தங்குவதற்குத் தீவின் நடுவில் இருக்கும் விக்டோரியா என்ற சிறு நகரத்தைப் பிடித்தேன். கடலோர ஊர்களில் அழகான அறைகள் கிடைக்கும். ஆனால் தீவின் பெரிய ஆஸ்பத்திரி விக்டோரியாவில்தான் இருக்கிறது. பஸ்களும் அநேகமாக எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு கடற்கரையிலிருந்து பக்கத்துக் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றாலும் பெரும்பாலும் விக்டோரியா வந்துதான் மாற வேண்டும். கார் எடுக்காதவர்களுக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை. காரே எடுத்தாலும் நம் ஆட்களுக்குச் சிரமம் இருக்காது. 1964 வரை ஆங்கிலேயர்கள் ஆண்ட நாடு என்பதால் இன்றும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

கோஸோவில் விமான நிலையம் கிடையாது. பெரிய தீவில் இறங்கி, அதன் வடமேற்கு முனையில் இருக்கும் சிர்கெவ்வா துறைக்குப் போய், அங்கிருந்து இம்ஜார் துறைக்கு ஃபெர்ரியில் 25 நிமிடம் போக வேண்டும். தலைநகர் வல்லெட்டாவிலிருந்தும் ஒரு வேகப்படகு உண்டு. ஆனால் கடல் கொஞ்சம் கொந்தளித்தாலும் முதலில் நிற்பது அதுதான். சிர்கெவ்வாவில் ஏறும்போது யாரும் டிக்கெட் கேட்கவில்லை. அப்பா பதறிவிட்டார். கோஸோவிலிருந்து திரும்பும்போது மட்டும்தான் காசு வாங்குவார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான். தீவுல இருந்து எப்படியும் திரும்பித்தான ஆகணும்" என்றார்.

முதல் இரண்டு நாட்கள் ஷீட் சொன்னபடி நடந்தன. ஏப்ரல் கடைசி. வெயில் இதமாக இருந்தது, வயல்களில் இன்னும் பச்சை இருந்தது. ஜூலையில் இதே இடம் காய்ந்து பழுப்பாகிவிடும். குளிக்கத்தான் வேண்டும் என்றால் செப்டம்பரில் போங்கள், ஏப்ரலில் கடல் குளிரும். மதியம் ஒரு மணிக்கு மேல் பல கடைகள் சாத்திவிடுவார்கள், நான்கு மணி வாக்கில்தான் திறப்பார்கள். அம்மா சைவம். பட்டாணி வைத்த பாஸ்தித்ஸி நம் சமோசாவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு என்பதால் கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம்.

கிராமங்களில் நடக்கும்போது சில வீட்டு வாசல்களில் 'காட் பிளஸ் ஆஸ்திரேலியா' என்று கல்லில் பொறித்திருந்தார்கள். இந்தத் தீவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போயிருக்கிறார்கள். சம்பாதித்துத் திரும்பி வந்து கட்டிய வீடுகள். நான் விளக்கியதும் அம்மா சிரித்தாள். "நம்ம வீட்ல மஸ்கட்னு எழுதாததுதான் குறை." அப்பா அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

மூன்றாம் நாள் காற்று வந்தது. ராத்திரி முழுக்க ஜன்னல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கும் கொமினோ தீவுக்கு நான் முன்பதிவு செய்திருந்த சிறு படகு ரத்து என்று காலையில் செய்தி வந்தது. என் ஷீட்டில் அதற்கும் ஒரு மாற்று வரி இருந்தது: மேற்கே த்வேய்ரா. ஒரு நாளுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அங்கேதான் படங்களில் பார்த்திருக்கக்கூடிய அந்தப் பிரம்மாண்டமான கல் வளைவு நின்றது. 2017 மார்ச் 8 அன்று ஒரு புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இப்போது அங்கே போகிறவர்கள் பார்ப்பது உள்கடலை. பாறைகளுக்கு நடுவே குளம் மாதிரித் தேங்கி நிற்கும் கடல்நீர். அங்கிருந்து ஒரு குகை வழியாகச் சிறு படகுகள் வெளிக்கடலுக்குப் போகும். அன்று எல்லாப் படகும் கரையில் கிடந்தன. குகை வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஒரு வயதான படகுக்காரரிடம் போய், ஒரு மணி நேரத்தில் சரியாகுமா, இரண்டு மணி நேரத்தில் ஆகுமா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார்.

பின்னாலிருந்து அப்பா சொன்னார்: "காத்தாம் தம்பி. இன்னைக்குப் போகாதுங்குறாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரீஹ்னு சொன்னாருல்ல. அங்க ரேடியோல சொல்லுவான். ரியாஹ் வருது, வண்டிய ஓரங்கட்டுன்னு."

மால்டிய மொழி அரபியிலிருந்து கிளைத்தது என்று நான் படித்திருந்தேன். 870இல் அரபிகள் தீவைப் பிடித்த பிறகு வந்து தங்கிய பேச்சு. இன்று லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். கத்தோலிக்கர்களான இவர்கள் கடவுளை 'அல்லா' என்றுதான் அழைக்கிறார்கள். இவ்வளவும் என் ஷீட்டின் குறிப்புப் பகுதியில் இருந்தது. என் அப்பாவுக்கு அரபி தெரியும் என்பது அதில் இல்லை.

அப்பா படகுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கடலைக் காட்டி "பஹர்" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்து "பாஹார்" என்றார். அப்பா விரல்களை மடக்கி "வாஹித், இத்னேன், தலாத்தா" என்று எண்ண, அவர் "வீஹெட், த்னேய்ன், த்லீத்தா" என்று கூடவே எண்ணினார். ரொட்டியில் இருவரும் கிட்டத்தட்ட ஒன்று சேர்ந்தார்கள். சூரியனில் சேர்ந்தார்கள். தண்ணீரில் பிரிந்து சிரித்தார்கள். முழு வாக்கியம் ஒன்றுகூட இருவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் அப்பாவின் குரல் மாறியிருந்தது. சத்தமாக, ஒரு கிண்டலோடு, கையை வீசி வீசிப் பேசினார். பதினெட்டு வருடம் மஸ்கட்டில் இருந்த ஆள் இப்படித்தான் இருந்திருப்பார் போல. முப்பத்தாறு வயதில் முதல்முறையாக அந்த ஆளைப் பார்க்கிறேன். அம்மாவும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது படகுக்காரர் இறங்கிவந்து எனக்கு ஆங்கிலத்திலேயே சொன்னார். இது மய்யிஸ்த்ரால், வடமேற்குக் காற்று. இங்கே அடிக்கடி வருவது. இது அடித்தால் தீவின் மறுபக்கம் போ, ஹோன்டொக்குக்கு. காற்று தெற்கேயிருந்து வந்தால் வடக்கே ரம்லாவுக்குப் போ. இந்தத் தீவில் எப்போதும் ஒரு பக்கம் அமைதியாகத்தான் இருக்கும்.

என் நாற்பத்தேழு வரியிலும் இல்லாத ஒரு வரி. சிறு தீவுக்குப் போகிறவர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: காலையில் காற்று எந்தத் திசை என்று பாருங்கள், பிறகு கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள். ரத்து செய்ய முடியாத படகுப் பயணத்துக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு நாளைக் காற்றுக்கென்று காலியாக விடுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு பெரிய தீவில் வந்து தங்கிவிடுங்கள்.

ஹோன்டொக் இர்-ரும்மீன் என்று பலகையில் பார்த்ததும் "ரும்மான்னா மாதுளம்பழம்" என்றார் அப்பா. மாதுளை மரம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிரே கொமினோ. கொஞ்ச நேரக் கார் பயணத்தில் வேறு கடல். அம்மா காலை நனைத்துவிட்டு, "யப்பா, ஐஸு" என்று ஓடிவந்தாள். அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்தார். நான் மணி பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். மாத்திரைக்காக இரண்டுமுறை பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அவராகவே பேசினார். "அங்கயும் ரூம்லருந்து கடல் பக்கம்தான். நடந்தா பத்து நிமிசம். டேங்கர் எடுத்துக்கிட்டுத் தினமும் அத ஒட்டித்தான் போவேன். ஒருநாளும் எறங்கி உக்காந்தது இல்ல."

"ஏம்ப்பா? வெள்ளிக்கிழமை லீவு இருக்குமே?"

"லீவுல போன் பண்ண வரிசைல நிப்போம். நீ போன்ல பேச மாட்ட. அம்மா பின்னாடி ஒளிஞ்சுக்குவ." கொஞ்சம் நிறுத்தி, "சின்னப் புள்ள, ஆள் தெரியாதுல்ல" என்றார்.

எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. போனில் ஒரு இரைச்சல் வரும், அதற்குப் பின்னால் யாரோ என் பெயரைச் சொல்வார்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்துதான் ஒளிவேன் என்று அவரிடம் சொன்னேன். "அப்படியா" என்று கடலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு மாதுளைக்கு, மீனுக்கு, வீட்டுக்கு என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பொழுது சாய்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி இரண்டு மணி நேரம் நாங்கள் பேசியது அதற்கு முன் நடந்ததில்லை.

மறுநாள் இம்ஜார் துறையில் டிக்கெட் வாங்க நான் பர்ஸை எடுத்தேன். அப்பா என் கையைத் தள்ளிவிட்டுக் கவுன்டருக்குப் போனார். மூன்று விரலைக் காட்டி, "த்லீத்தா" என்றார், அவர்கள் சொல்கிற மாதிரியே.