போடியில் ஒரு பள்ளிக்கூடம்

கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் மருமகன் எங்களைப் போடிக்கு அழைத்துப் போனார். தேனிப் பக்கத்துப் போடி இல்லை. சியரா நெவாடா மலைகளுக்குக் கிழக்கே, 8,000 அடிக்கு மேலே இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊர்.

1859இல் இங்கே தங்கம் கண்டவரின் பெயர்தான் ஊருக்கு. பாவம், அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் இறந்துவிட்டார். 1880 வாக்கில் பல ஆயிரம் பேர் குடியிருந்தார்கள். தங்கம் குறைய, ஜனமும் குறைந்தது. 1932இல் பெரும்பகுதி தீயில் போயிற்று. மிஞ்சியதை 1962 முதல் மாநிலப் பூங்காவாகக் காக்கிறார்கள். புதுப்பிப்பதில்லை, மேலும் சிதையாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

மற்றவர்கள் சுரங்க ஆலையைப் பார்க்கப் போனார்கள். நான் பள்ளிக்கூட ஜன்னலோரம் நின்றுவிட்டேன். உள்ளே மேசைகள், கரும்பலகை, உலக உருண்டை, எல்லாம் தூசி படிந்து. 1942இல் மூடிய பள்ளி. கடைசி நாள் வருகைப் பதிவேட்டில் எத்தனை பெயர் இருந்திருக்கும்?

வேலை போனால் குடும்பம் போகும். குடும்பத்தோடு பிள்ளையும் போகும். ஊர் காலியாவது காலையில் பெயர் கூப்பிடும் ஆசிரியருக்குத்தான் முதலில் தெரியும். எனக்கும் தெரிந்தது. நான் சேர்ந்தபோது இரண்டு பிரிவாக இருந்த நம் ஐந்தாம் வகுப்பு, ஓய்வு பெறும்போது ஒரே பெஞ்சில் அடங்கிவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள். அந்தப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசுங்கள்.