சிவப்பு எண்ணெய்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே கார்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் எனக்கு ஒருநாளும் தயக்கம் இருந்ததில்லை. ஆர்.எஸ். புரத்து நண்பரிடம், "இந்த வண்டியை விற்றுவிடுங்கள்" என்று சொன்னவனும் நான்தான். வாங்குவதற்கு மும்பையில் ஓர் ஆசாமியைத் தேடிக் கொடுத்தவனும் நான்தான்.

அது நண்பருடைய தகப்பனார் வாங்கிய வெளிநாட்டுக் கார். தாழ்வான உடல், நீண்ட மூக்கு, இரண்டே ஆசனம். பந்தயக் கார் ஜாதி. ஆனால் கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும். இதைச் சொல்லி ஊரிலுள்ள கார்ப் பிரியர்கள் அவரைப் பரிகாசம் செய்வதுண்டு. 1995-இல் விமான விபத்தில் காலமான கரிவரதனின் பெயரால் செட்டிபாளையத்தில் ஒரு பந்தயத் தடமே வைத்திருக்கிற ஊர் அல்லவா! நண்பரும் சளைக்க மாட்டார். 1953-இல் அமெரிக்காவில் செய்த முதல் 300 கார்வெட் வண்டிகளும் தானியங்கி கியர்தான் என்று எடுத்து விடுவார்.

தகப்பனார் ஞாயிறுதோறும் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பொள்ளாச்சி வரை போய்வருவாராம். அவர் போய் ஏழு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு வண்டி ஷெட்டை விட்டு நகரவில்லை. ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று மகனுக்குப் பயம். வாரம் ஒருமுறை துடைப்பார். இரண்டு மூன்று மாதத்துக்கொரு தடவை எஞ்ஜினைக் கிளப்பி, சத்தத்தைக் கேட்டுவிட்டு, அணைத்துவிடுவார்.

ஒருநாள் காலையில் அம்மாள் ஷெட்டுப் பக்கம் போனவர் அலறிவிட்டார். தரையில் சிவப்பாக ஒரு குட்டை. நாய்க்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாராம். அது கியர்ப் பெட்டி எண்ணெய். எஞ்ஜின் எண்ணெயோடு குழம்பாமல் இருக்கச் சாயம் சேர்த்துச் சிவப்பாக்கியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து வண்டிக்கு அடியில் ஒரு தட்டு. தட்டில் விழுந்ததை அளந்து, அதே அளவு புது எண்ணெயை நண்பர் ஊற்றுவார். பையன் ஒருவன் வந்து அடித்தட்டின் போல்ட்டுகளையெல்லாம் பலமாக முறுக்கிவிட்டுப் போனான், ஒழுக்கு அதிகமாயிற்று. வெளியூர்ப் பட்டறை ஒன்றில், கியர்ப் பெட்டியையே இறக்கிப் பிரிக்க வேண்டும், சில லட்சம் ஆகும் என்றார்கள். அப்போதுதான் என் யோசனை பிறந்தது. அம்மாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷெட்டுப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

மும்பை ஆசாமி வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, சிங்காநல்லூரிலிருந்து ஒரு கிழவர் வந்து சேர்ந்தார். பாதி ஆயுளைப் பம்புசெட்டுப் பட்டறையில் கழித்தவர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கிணற்றுக்குக் கிணறு பம்பு வைத்த சீமை இது. இங்கே பட்டறைக்காரர்களுக்கு ஒழுக்கு என்றால் பிறந்த வீட்டுச் சமாசாரம்.

"எங்க ஒழுகுதுன்னு பாக்காம எதுக்குங்க தம்பி பிரிக்கோணும்?" என்றார். "வீட்டுல மூஞ்சிப் பவுடரு ஒரு டப்பா இருந்தாக் குடுங்க."

அடிப்பாகம் முழுவதையும் துடைத்து உலர்த்தி, பவுடரைத் தூவினார். எனக்கு அது ஏதோ மாந்திரீகம் போலப் பட்டது. மறுநாள் காலை வெள்ளைப் பூச்சில் சிவப்பு நூல் மாதிரி ஒரு கோடு. அடித்தட்டில் கொஞ்சம் கசிவுதான். கோடு புறப்பட்ட இடம் அதற்கு மேலே, கியர் மாற்றும் கம்பி பெட்டிக்குள் நுழைகிற துவாரம்.

"இதுவும் ஒரு பம்புதானுங்க" என்று விளக்கினார் கிழவர். எஞ்ஜின் ஓடும்போது உள்ளே இருக்கும் பம்பு எண்ணெயை இழுத்து, முன்னால் உள்ள பெரிய உருளையை நிரப்பி வைக்கிறது. வண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் மெல்ல மெல்ல அடித்தட்டுக்கு இறங்கி விடுகிறது. மட்டம் உயர்ந்து கம்பித் துவாரத்துக்கு மேலே போகிறது. அங்கே இருக்கும் ரப்பர் வளையமோ காய்ந்து நகம் போல் ஆகிவிட்டது. எண்ணெய் துவாரத்துக்குக் கீழே இறங்கும்வரை ஒழுகும். பிறகு தானாக நிற்கும். நிற்க விட்டால்தானே! நண்பர் தினமும் ஊற்றி மட்டத்தை உயர்த்திக்கொண்டே இருந்தார்.

பையன் முறுக்கியதில் தட்டின் விளிம்பு வளைந்திருந்தது. சின்னச் சுத்தியலால் தட்டிச் சமன் செய்து, புதுக் கார்க் பட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். பழைய வளையத்தை அளந்து, அதே அளவில் கடையில் ஒன்று வாங்கி வந்தார். விலையைக் கேட்டு நண்பர் சிரித்துவிட்டார். இரண்டு பேர் காப்பி சாப்பிடுகிற காசு. கடைசியில் எஞ்ஜினைச் சூடேற்றி, ஓடும்போதே அளவு பார்த்து எண்ணெய் ஊற்றினார்.

"வாரத்துக்கு ஒருக்கா இருவது மைலாவது ஓட்டோணுமுங்க. இல்லீன்னா இந்த வளையமும் காஞ்சு போயிரும்."

நண்பர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. மும்பைக்கு டெலிபோன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஆசாமி பேசியதை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரும் சொல்லாமலே போய் இடதுபக்க ஆசனத்தில் உட்கார்ந்தார்.

"நீங்களும் வாங்களேன்" என்றார் நண்பர், இரண்டே ஆசனம் என்பதை மறந்து. பொள்ளாச்சி சாலைத் திருப்பம்வரை சத்தம் கேட்டது. நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.